சிவப்புச் சிக்கரியும் வகைப்பாட்டுத் துணைக்குழுவும்

ஒரு கீரையைப் பார்த்து 'இது கீரை' என்று சொல்ல அறிவு தேவையில்லை, ஆடு சொல்லிவிடும். 'இது கீரைதானா' என்று சந்தேகப்படத்தான் அறிவு வேண்டும். அறிவுக்கு ஒரு குழு வேண்டும், குழுவுக்கு ஒரு துணைக்குழு வேண்டும், துணைக்குழுவுக்கு ஏசி அறையும் பதினொரு மணிக் காப்பியும் வேண்டும். இத்தனையும் ஒருங்கே அமையப்பெற்ற நகரம் இந்தப் பூமியில் கோயம்புத்தூர் ஒன்றுதான். 'கொங்கு அரிய இலைக்காய் வளர்ப்போர் பேரவை'யின் கௌரவச் செயலாளர் என்ற முறையில் இதை மிகுந்த அடக்கத்தோடு அறிவித்துக்கொள்கிறேன்.

பேரவையில் நாற்பத்திரண்டு உறுப்பினர்கள். அனைவரும் விவசாயிகள். அதாவது சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு வரை விவசாயிகள். மற்ற நேரங்களில் நாட்டுக்கு வேறு விதங்களில் தொண்டாற்றுகிறார்கள். தலைவர் மருதாசலம் பம்புசெட் வார்ப்படம் செய்கிறார். அன்னூரில் அவருக்குப் பன்னிரண்டு ஏக்கர் தோட்டமும், அதில் நீச்சல் குளமும் உண்டு. பொருளாளர் சென்னியப்பன் திருப்பூரில் பனியன் துணிக்குச் சாயம் போடுகிறார். வெள்ளகோவிலில் பண்ணை வீடு. சாலட் ஆலோசகர் மேக்னா செல்போன் வழியாகவே பதினெட்டாயிரம் பேருக்குப் பச்சை இலை தின்னக் கற்றுக்கொடுக்கிறார். அடியேன் சொட்டுநீர்க் குழாய் விற்கிறேன்.

பேரவையின் தலையாய பணி, 'அரிய இலைக்காய்ச் சான்று' வழங்குவது; இலைக்காய் என்பது சாலட்டில் போடும் கீரைக்கு நாங்கள் சூட்டிய பெயர். நகரத்தின் பெரிய ஹோட்டல்கள் சாலட் இலை வாங்குவதென்றால் எங்கள் சான்று உள்ளவர்களிடம்தான் வாங்கும். அப்படி ஓர் ஒப்பந்தத்தைத் தலைவர் ஒரே ஒரு விருந்தில் முடித்துக் கொடுத்தார். சான்றுக்கான விண்ணப்பத்தில் ஐந்து கட்டங்கள். அவற்றில் நான்காவது, 'தாவரவியல் வகைப்பாடு'.

நான்காவது கட்டத்தில் நாங்கள் மிகக் கண்டிப்பானவர்கள். தலைவர் தமது கேல் கீரைக்கு விண்ணப்பித்தபோது அந்தக் கட்டத்தில் 'நல்லது' என்று எழுதியிருந்தார். ஏகமனதாக ஏற்றோம். சென்னியப்பன் தமது லெட்டூஸுக்கு 'பச்சை' என்று எழுதியிருந்தார். அதையும் கைதட்டி ஏற்றோம். தலைவரின் கேல் வாரம் இருமுறை கோத்தகிரியிலிருந்து வேனில் வந்து இறங்குவதாகச் சிலர் பேசிக்கொண்டார்கள். வளர்ந்த இடம் எது என்ற கட்டமே விண்ணப்பத்தில் கிடையாது என்பதால் அந்தப் பேச்சு எடுபடவில்லை.

இப்படிச் சிறப்பாகப் போய்க்கொண்டிருந்த பேரவைக்கு, மார்கழி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் அலுவலகம் இருக்கும் அவினாசி ரோட்டுக் கட்டடத்தின் ஆறாவது மாடிக்கு, ஒரு கட்டைப் பையோடு சாராள் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். மலையில் ஒரு பசுமைக்குடிலில் ஒன்பது வருடம் மேற்பார்வை பார்த்துவிட்டு, இப்போது அன்னூருக்கு வடக்கே பத்து சென்ட் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நிழல்வலை போட்டிருப்பவர். இந்த விவரங்களெல்லாம் விண்ணப்பத்தோடு இணைத்திருந்த கடிதத்தில் இருந்தன. நாங்கள் அதைப் படிக்கவில்லை.

"வாங்க அம்மணி, வாங்க. உக்காருங்க" என்றார் தலைவர். கொங்கு நாட்டு மரியாதையை அவரிடம்தான் கற்க வேண்டும். "எங்கிருந்துங்க வாரீங்க?"

"அன்னூருங்க."

"அட, நம்மூரு! அன்னூர்ல யாரு ஊட்டுப் புள்ளைங்க நீங்க?"

"அந்தோணிராஜ் மகளுங்க. எங்கப்பா உங்க தோட்டத்துலதானுங்க பண்ணையத்துல இருந்தாரு. முப்பது வருசம்."

"ஓ… நம்ம அந்தோணி மகளா. சரி, சொல்லு அம்மணி, என்ன சமாச்சாரம்?"

நீண்ட நாள் பழக்கம் என்று தெரிந்ததும் தலைவர் 'உரிமையோடு' ஒருமைக்கு இறங்கிவிட்டதைக் கவனித்தீர்களா? சாராள் உட்காரவிருந்த நாற்காலியில் அதற்குள் சென்னியப்பனின் தோல்பை உட்கார்ந்திருந்தது. ஆகவே அவர் நின்றபடியே கட்டைப் பையைத் திறந்து, ஐந்து உருண்டைகளை மேசைமேல் வைத்தார். கைக்குள் அடங்கும் அளவு. கருஞ்சிவப்பு இலைகள் ஒன்றின்மேல் ஒன்று இறுக மூடியிருந்தன. நரம்பெல்லாம் சுத்த வெள்ளை. அழகான பொருள் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

நான்காவது கட்டத்தில், எங்கள் வரலாற்றில் முதல்முறையாக, ஒருவர் உண்மையிலேயே வகைப்பாடு எழுதியிருந்தார். 'சிக்கரி இனம். ரடிச்சியோ என்னும் சிவப்பு இலை வகை.'

"சிக்கரின்னா காப்பித்தூளுங்களே" என்றார் சென்னியப்பன்.

"காப்பில கலக்கறது அதோட வேருங்க. வேருக்குன்னு வளக்கற ரகம் வேற. இது இலைக்குன்னு வளக்கற ரகமுங்க. சாலட்ல போடுவாங்க, அனல்ல வாட்டியும் திம்பாங்க."

"அம்மணி, காப்பியோட எலய எடுத்து வாட்டித் தின்னு நான் பாத்ததே இல்ல" என்றார் தலைவர். மறுக்க முடியாத வாதம்.

அந்த நேரத்தில் காப்பி வந்தது. சிக்கரி தூக்கலாகக் கலந்த, பேரவையின் பிரசித்தி பெற்ற காப்பி. உறுப்பினர்களுக்குப் பேரவையின் பெயர் பொறித்த எவர்சில்வர் டம்ளர்களில். சாராளுக்கு, 'சுகாதாரத்தை முன்னிட்டு', காகிதக் கப்பில். எங்கள் சுகாதாரமா அவருடையதா என்று யாரும் கேட்கவில்லை.

"ஏனுங்க, எத்தன நாளாகுமுங்க?" என்று சாராள் கேட்டார். "எழுநூறு தலை நிக்குதுங்க. இந்தக் குளிர் இருக்கறவரைக்கும்தான் இப்படி மூடிட்டு நிக்கும். மாசி வெயில் ஏறுச்சுன்னா தண்டு உட்டுப்போடும். பொறவு வாயில வெக்க முடியாதுங்க, அப்படிக் கசக்கும். அவினாசி ரோட்டு ஹோட்டல்ல அத்தனையும் எடுத்துக்கறமுன்னு சொல்லிட்டாங்க. உங்க சான்று மட்டும் கேக்கறாங்க. இந்தப் பயிர் எடுத்தாத்தானுங்க அடுத்த வருசக் குத்தகை."

"அவசரப்பட்டா அறிவியல் வராது அம்மணி" என்றார் தலைவர்.

அன்றே 'ரடிச்சியோ வகைப்பாட்டுத் துணைக்குழு' அமைக்கப்பட்டது. ஐந்து மாதிரிகளும் ஆய்வுக்காக உறுப்பினர்களின் வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. மேக்னா தம் மாதிரியைத் தயிரோடு அரைத்துக் குடிக்கும் காணொளியை அன்று மாலையே வெளியிட்டார். 'தேடிக் கண்டுபிடித்த ராயல் டீடாக்ஸ்' என்று தலைப்பு. யார் தேடினார்கள், யார் கண்டுபிடித்தார்கள் என்பதை அவர் தன்னடக்கத்தால் தன்னோடே வைத்துக்கொண்டார்.

பொங்கல் முடிந்து துணைக்குழுவின் முதல் அமர்வு கூடியது. இது முட்டைக்கோசாக இருக்கலாம், சிவப்பு நிறம் வெளியிலிருந்து ஏற்றப்பட்டதாக இருக்கலாம் என்று சென்னியப்பன் ஐயம் எழுப்பினார். சாயத்தில் முப்பது வருட அனுபவம் உள்ள ஒருவரின் ஐயத்தை யாரால் தட்ட முடியும்? அவர் தம் ஆலையிலிருந்து வெள்ளைத் துணி, தேய்ப்பு இயந்திரம், நிற அட்டை எல்லாம் கொண்டு வந்திருந்தார். துணியில் சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்க, இலையைக் கம்பியில் கட்டி, வெள்ளைத் துணியால் காய்ந்த நிலையில் பத்து முறையும் நனைத்துப் பத்து முறையும் தேய்த்தார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம்.

"சாய உறுதி, காஞ்ச தேய்ப்புல அஞ்சுக்கு நாலரை, ஈரத் தேய்ப்புல நாலு" என்று அறிவித்தார். "எக்ஸ்போர்ட்டுக்கே போகுமுங்க."

பிறகு துவைப்புச் சோதனை. நாற்பது டிகிரி வெந்நீரில், சோப்புத் தூளோடு, அரை மணி நேரம். இயந்திரத்தைத் திறந்தபோது உள்ளே வழவழவென்று ஏதோ இருந்தது. 'மேற்படி பயிர் துவைப்பைத் தாங்கும் தன்மையற்றது' என்று நடவடிக்கைக் குறிப்பேட்டில் நானே என் கையால் எழுதினேன்.

மேலும் ஐந்து மாதிரிகளைக் கொண்டுவந்து வாசலோரம் நின்றிருந்த சாராள் மெதுவாகச் சொன்னார்: "ஏனுங்க, இது திங்கறதுங்க."

"அதுக்குத்தான் அம்மணி இத்தன ஆராய்ச்சி" என்றார் தலைவர்.

தை போய் மாசி பிறந்தது. இரண்டாவது அமர்வுக்குத் தாவரவியல் பேராசிரியர் கனகம் அழைக்கப்பட்டார். கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றவர், அறிவாளி, அதனால் எங்கள் நேரத்தைச் சற்று வீணடித்தார். மேசைமேல் இருந்த உருண்டையைக் கையில் எடுத்தார், ஓர் இலையைப் பிய்த்தார், மென்றார்.

"சிக்கோரியம் இன்டிபஸ்" என்றார். "அந்தப் பொண்ணு எழுதியிருக்கறது சரிதானுங்க. முட்டைக்கோசும் காலிஃபிளவரும் ஒரே இனம், ஆனா ஒண்ணுல இலை திங்கறோம், இன்னொண்ணுல பூவு திங்கறோம் இல்லீங்களா? அதே மாதிரி காப்பிச் சிக்கரியும் இதுவும் ஒரே இனம், ரகந்தான் வேற. அருமையா வளத்திருக்கா. இந்த வெக்கையில இப்படித் தலை மூட வெக்கறது லேசுல முடியாது. அவ்வளவுதானுங்க. நான் கெளம்பட்டுங்களா?"

மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. இப்படி முடித்துவிட்டால் துணைக்குழு எதற்கு? தலைவர் கையமர்த்தினார்.

"இனமெல்லாஞ் சரிங்க. இது எந்தக் கூட்டமுங்க?"

கொங்கு நாட்டில் இந்தக் கேள்வி இல்லாமல் எந்த அறிமுகமும் முடியாது. ஒருவர் எந்தக் கூட்டம் என்று தெரிந்தால்தான் அவர் பங்காளியா, பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் மாமன் மச்சானா என்று தெரியும். தெரிந்தால்தான் எந்த அளவு சிரிக்கலாம் என்பது தெரியும்.

"தாவரத்துக்குக் குடும்பம்னு சொல்லுவமுங்க" என்றார் பேராசிரியர். "இது சூரியகாந்திக் குடும்பம். லெட்டூஸும் அதே குடும்பந்தான்."

"அப்ப லெட்டூஸுக்கு இது பங்காளி" என்று குறித்துக்கொண்டார் சென்னியப்பன். அவர் முகம் வாடிவிட்டது. லெட்டூஸ் அவருடையது.

"பங்காளின்னே வெச்சுக்கங்க. எண்டைவ்னு இன்னொண்ணு இருக்குதுங்க. அது இன்னும் நெருக்கம், கூடப் பொறந்தது மாதிரி. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல பூத்தா ஒண்ணோடொண்ணு கலந்துகூடப் போகுமுங்க."

சென்னியப்பன் குறிப்பதை நிறுத்திப் பேனாவை மூடினார்.

"பங்காளிக்குள்ளயேவா?" என்றார் தலைவர்.

"செடிக்கு அதெல்லாம் தெரியாதுங்களே."

"தெரியோணுமுங்க!" என்று தலைவர் மேசையைத் தட்டினார். "நாளைக்கு இது நம்ம புள்ளைங்க தட்டுல வருதுங்களே!"

'மேற்படி தாவரத்தின் ஒழுக்கம் குறித்துப் பேரவை தனது ஆழ்ந்த கவலையைப் பதிவு செய்கிறது' என்று ஒரு தீர்மானம் நிறைவேறியது. சூரியகாந்தி என்பது பூ. ஆகவே அதன் குடும்பத்தில் பிறந்த இதுவும் பூவாக இருக்க வாய்ப்புண்டு. ஆகவே பூப்பிரிவுத் துணைக்குழுவின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று இன்னொன்று. பேரவையில் பூப்பிரிவுத் துணைக்குழு இல்லை. அதை அமைக்க மூன்று வாரம் ஒதுக்கினோம். பேராசிரியர் கனகம் காப்பியைத் தொடாமல் எழுந்து போனார். படித்தவர்களுக்குச் சபை நாகரிகம் குறைவு.

சாராள் அன்றுதான் உள்ளே வந்து மேசைக்கு எதிரே நின்றார். அவர் குரல் உயர்ந்தது. கோபம்தான், ஆனாலும் ஒரு 'ங்க'வைக்கூட அவர் விடவில்லை.

"முன்னூறு தலை தண்டு உட்டுருச்சுங்க. மீதிக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லீங்க. தெனமும் வெடியறதுக்குள்ள எந்திரிச்சுப் போயி, இன்னைக்கு எத்தன போச்சுன்னு பாக்கறனுங்க. அந்தச் செவுத்துல உங்க கேலுக்குக் குடுத்த சான்ற மாட்டி வெச்சிருக்கீங்களே, அதுல நாலாவது கட்டத்துல 'நல்லது'ன்னுதானுங்க எழுதியிருக்குது?"

"அது வேற அம்மணி."

"என்னங்க வேற?"

தலைவர் எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்தார். நாங்கள் அனைவரும் அவரவர் டம்ளரைப் பார்த்தோம்.

"அது நம்ம தோட்டத்துக் கேல்" என்றார் தலைவர்.

இதைவிடத் தெளிவான தாவரவியல் விளக்கத்தை நான் கேட்டதில்லை.

மாசியின் கடைசியில் பூப்பிரிவுத் துணைக்குழு அமைந்தது. உறுப்பினர்கள் அதே நாங்கள்தான். களத்துக்கு நேரில் சென்று ஆய்வு செய்வது என்று முடிவானது. மூன்று கார்களில் அன்னூருக்குப் போனோம். போகும் வழியில் ஒரு மெஸ்ஸில் பள்ளிபாளையம் சிக்கனோடு ஆய்வின் முதற்கட்டம் நிறைவேறியது.

நிழல்வலையை ஒதுக்கிவிட்டு உள்ளே நுழைந்த மேக்னா, "ஐயோ, எவ்வளவு அழகு!" என்று கத்திவிட்டார். பத்து சென்ட்டிலும் செடிகள் இடுப்பு உயரத்துக்குத் தண்டு விட்டு நின்றன. அந்தச் சிவப்பு உருண்டைகள் ஒன்றுகூட இல்லை. எங்கு பார்த்தாலும் வெளிர்நீலப் பூ. நாங்கள் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டோம். தலைவர் ஒரு பூவைப் பறித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"பாத்தீங்களா!" என்றார் அவர், உலகத்தையே வென்ற குரலில். "பூவா இருக்கும்னு நாம அன்னைக்கே சொன்னமுங்க. அந்தப் பேராசிரியரம்மா ஒத்துக்கவே இல்ல!"

ஓர் அறிவியல் கணிப்பு இப்படிக் கண்ணெதிரே பூத்துக் குலுங்குவது எத்தனை பேருக்கு வாய்க்கும்? அங்கேயே, வரப்பிலேயே, சான்று வழங்கப்பட்டது. நான்காவது கட்டத்தில் எதையும் விடவில்லை. சூரியகாந்திக் குடும்பம், சிக்கோரியம் இன்டிபஸ், இலைக்காய், பூக்கும் தன்மையுடையது, சாய உறுதி நாலு. முதல் கட்டத்தில், 'வளர்ப்பாளர்' என்ற இடத்தில், 'மருதாசலம் பண்ணை, அன்னூர் (உதவி: சாராள்)' என்று அச்சாகியிருந்தது.

சாராள் அதை இரண்டு முறை படித்தார்.

"இதென்னங்க?"

"ஹோட்டல்காரங்களுக்குத் தெரிஞ்ச பேரா இருக்கட்டும்னுதான் அம்மணி. அடுத்த வருசம் நீ வளத்து நம்ம பண்ணைக்குக் குடு. வேன் நம்மளுது. உனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. உங்கப்பன் இருந்த மாதிரியே இருந்துக்கலாம்."

தலைவர் இதைக் கருணையோடுதான் சொன்னார். அவர் கண்கள்கூடக் கலங்கியிருந்தன. தம் கருணையைக் கண்டு அவருக்கு எப்போதும் அப்படி ஆகும்.

சாராள் சான்றை நான்காக மடித்து, தலைவரின் சட்டைப்பையில், அந்த நீலப் பூவுக்குப் பக்கத்திலேயே வைத்தார்.

"எங்கப்பன் முப்பது வருசம் உங்க தோட்டத்துல வளத்தாருங்க. செத்தப்போ நீங்க மால வாங்கிட்டு வந்தீங்க. எங்க வீதி முக்குல நின்னு, யாருகிட்டயோ குடுத்தனுப்பிச்சுப்போட்டு அப்படியே திரும்பிட்டீங்க. எனக்கு அப்ப பதிமூணு வயசு. நான் பாத்துட்டுத்தான் நின்னனுங்க." அழுகிறாரோ என்று பார்த்தேன். இல்லை. "வர ஐப்பசிக்கு மறுபடியும் வெதைக்கறனுங்க. குத்தகைக்கு நெலம் குடுக்கறவங்க இன்னும் ரெண்டு பேரு இருக்கறாங்க. ஹோட்டல்ல வாங்குனா வாங்கறாங்க. இல்லாட்டி அன்னூர்ச் சந்தையில கூறு கட்டி விக்கறனுங்க. ஒரு தலை வித்தாலும் அது எம்பேர்ல விக்கட்டும்."

பிறகு மூலையில் நின்றிருந்த பவர் டில்லரைக் கயிறு இழுத்துக் கிளப்பினார்.

"சித்த அக்கட்டால நில்லுங்க" என்றார், மரியாதையாக. "உழுகோணும்."

நாங்கள் வரப்போரமாக ஒதுங்கி, அக்கட்டால நின்றோம். டில்லர் எங்கள் ஆய்வுக்குரிய பொருள் அத்தனையையும் நீலமும் பச்சையுமாக மண்ணுக்குள் தள்ளிக்கொண்டு போயிற்று. சென்னியப்பனின் வெள்ளை வேட்டியில் செம்மண் தெறித்தது. அந்தக் கறையின் உறுதி என்ன என்று அவர் சோதிக்கவில்லை.

ஆண்டறிக்கைக்காக நேற்று குறிப்பேட்டைப் புரட்டினேன். துணைக்குழுக்கள் இரண்டு, அமர்வுகள் மூன்று, கள ஆய்வு ஒன்று, பேராசிரியர் ஒருவர், உட்கொண்ட காப்பி அறுபத்தாறு டம்ளர், ஒரு காகிதக் கப். 'ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட காலம்' என்ற வரியில் எழுதப் பேனாவைத் திறந்தேன். சிக்கரியை வகைப்படுத்த எங்களுக்கு ஐம்பத்தெட்டு நாள் பிடித்திருக்கிறது. அதை வளர்த்தவரை வகைப்படுத்த, அவர் தன் அப்பா பெயரைச் சொல்லி வாய் மூடும் நேரம் போதுமானதாக இருந்தது. அதற்கு மாதிரி கேட்கவில்லை, சோதனை வைக்கவில்லை, மறுப்பு தெரிவித்தவர் ஒருவரும் இல்லை. அன்று குறிப்பெழுதியவன் நான். அதைக் குறிப்பில் எழுதாமல் விட்டவனும் நான்தான்.